கொதிக்க வைத்த மழைத்தண்ணீர்

சென்ற மாதம் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி ஒன்று நடந்தது. தலைப்பு, சுற்றுச்சூழல் விழிப்புணர்வும் ஆசிரியர் உடல்நலமும். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கியிருக்கிற என்னை அதில் ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். "சாருக்குத்தான் சொந்த அனுபவமே இருக்கே" என்று அழைக்க வந்த இளம் ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அவருக்குத் தெரிந்த அனுபவம், ஏதோ மருந்து வாடை பட்டு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்கிற அளவுதான். பேச வரமாட்டேன், வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். எழுதியதை வாசிப்பார்களா, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று மடித்து வைத்துவிடுவார்களா என்பது அவர்கள் பாடு.

எழுபதுகளின் பின்பாதி அது. குடியிருந்தது கோலாலம்பூருக்குத் தெற்கே மம்பாவ் என்ற சிற்றூரில். ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருவேன். பள்ளியில் நாங்கள் மூன்று ஆசிரியர்கள். தலைமையாசிரியர் ஒருவர், எதிலும் தலையிடாத மனிதர், சீனர் கடைக் கோப்பியை டின்னில் கட்டி வாங்கி வந்து மேசைமேல் வைத்துக்கொண்டால் மதியம்வரை எழுந்திருக்க மாட்டார். இன்னொருவர் ரோஸ்மேரி டீச்சர். நாற்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பள்ளிக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் அவர் எழுதியதை அடுத்த நாள் அழிக்க எனக்கே மனம் வராது. மூன்றாவது ஆள் நான், சுகாதாரப் பாடம் எடுக்கிறவன். ஊரையே திருத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன்.

தோட்டத்து ரப்பர் ஆலைக்கழிவு அப்படியே ஆற்றில் விழும். வெள்ளை வெள்ளையாக நுரை மிதக்கும். புளித்த வாடை வகுப்பறைக்குள்ளேயே வரும். அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் மேட்டில் ஒரு தொட்டிக்கு ஏற்றி, மணலில் வடிகட்டி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக் குழாய்களுக்கு விடுவார்கள். பிள்ளைகள் பாட்டிலில் கொண்டுவரும் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். நான் மானேஜருக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஆறு நாறுகிறது, பிள்ளைகளுக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று ஆங்கிலத்தில், இலக்கணப் பிழையில்லாமல் எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பதிலாகக் கிராணியார், அதாவது ஆபீஸ் குமாஸ்தா, லோரியில் இரண்டு பழைய இரும்பு டிரம் அனுப்பி வைத்தார். "மழைத்தண்ணி புடிச்சுக்கச் சொன்னாரு தொரை" என்று டிரைவர் இறக்கிப் போட்டுவிட்டுப் போனார்.

அதை நான் வெற்றி என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே ஓங்கி அறையலாம் போலிருக்கிறது.

டிரம்மின் பக்கத்தில் துருப்பிடித்த ஆங்கில எழுத்து இருந்தது, கீழே பாதி உரிந்த மண்டை ஓடும் இரண்டு எலும்பும் இருந்தன. படிக்கத் தெரியாதவன் இல்லை நான். படித்தேன், பழைய காலத்து லாலாங் மருந்து, புல்லைக் கருக்குகிற மருந்து வந்த டிரம் என்று தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டுதான் சோப்புத்தூள் போட்டு மூன்று முறை கழுவினேன். நான்கு நாள் வெயிலில் காயவைத்தேன். பிறகு பச்சை பெயிண்ட் அடித்தேன். மண்டை ஓடு இருந்த இடத்தில் ரோஸ்மேரி டீச்சர் வெள்ளை பெயிண்டில், தன் அழகான கையெழுத்தில், "சுத்தமான நீர், சுகமான வாழ்வு" என்று எழுதினார். வாசகம் என்னுடையது. கூரையிலிருந்து தகரக் குழாய் இறக்கி டிரம்மில் விட்டோம். நல்ல மழை மாதம், மூன்றே நாளில் இரண்டும் நிரம்பிவிட்டன.

முனியம்மா அன்று மாலையே வந்தாள். மருந்தடிக்கிற கும்பலில் வேலை பார்ப்பவள். அவள் மகள் நான்காம் வகுப்பு. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, வேலை முடிந்து அப்படியே வந்திருந்தாள்.

"சார், ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த டிரம்மு வேணாம் சார். நாங்க அதுல கைகூட வைக்க மாட்டோம்."

"கழுவியாச்சு முனியம்மா. மூணு தடவ சோப்பு போட்டுக் கழுவியாச்சு."

"கழுவுனாலும் போவாதுலா சார் அது."

"தண்ணியக் கொதிக்க வச்சுத்தான் குடுக்கப் போறோம். கொதிக்க வச்சா எல்லாம் செத்துப் போயிடும்."

"பூச்சி செத்துப் போவும் சார். மருந்து எப்படிச் சாவும்?"

பதில் இல்லாதபோது ஆசிரியர்கள் செய்வதை நானும் செய்தேன். "நீ படிச்சியா, நான் படிச்சேனா?" என்றேன். அவள் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து சட்டம் போட்டேன். யாரும் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டு வரக்கூடாது. கொண்டு வந்தால் பாட்டிலைப் பிடுங்கிக் கீழே ஊற்றுவேன், ஊற்றியும் இருக்கிறேன். ரோஸ்மேரி டீச்சர் தன் குவார்ட்டர்ஸ் அடுப்பில் பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துத் தருவார். காலையில் கொடி ஏற்றியதும் பிள்ளைகள் வரிசையில் வந்து ஆளுக்கு ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். நான் பிரம்போடு பக்கத்தில் நிற்பேன். அறுபது சொச்சம் பிள்ளைகளும் டம்ளரை வாயில் வைப்பதை என் கண்ணால் பார்த்தேன். எனக்கும் டீச்சருக்கும் தேத்தண்ணியும் அதே தண்ணீரில்தான். டீச்சர் தன் சமையலுக்கும் அதையே எடுத்துக்கொண்டார். பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் டிரம்மைத் தட்டிப் பார்த்து, மற்றத் தோட்டத்துப் பள்ளிகளும் இப்படிச் செய்யலாமே என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

டிரம் வரிசைக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்காக ஒரு பயற்றங்காய்ப் பாத்தி போட்டிருந்தேன். இரண்டு மாதத்தில் அது முழுக்கக் கருகிவிட்டது. தண்ணீர் ஊற்றச் சோம்பல் என்று நான்காம் வகுப்பையே வெயிலில் நிற்க வைத்தேன்.

உடம்புக்கு வந்தது சிறுகச் சிறுகத்தான். முதலில் வயிறு. வாந்தி, பேதி, இரண்டு நாள் சரியாகும், மறுபடி வரும். பிறகு உள்ளங்கைத் தோல் தடித்துச் சொரசொரத்தது, கழுத்தும் முதுகும் புள்ளி புள்ளியாகக் கறுத்தன. பாதம் எரிந்தது. கொஞ்ச நாளில் எரிச்சல் நின்று மரத்துப் போனது, குணமாகிவிட்டது என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன். ஒருநாள் வகுப்பில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குனிந்து பார்த்தால் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று திடலில் கழன்று விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து, வீட்டுக்குத் திரும்பும் வழியில், வளைவில் மோட்டார் பிரேக்கை மிதித்தேன். மிதித்ததாக நினைத்தேன், கால் வேறெங்கோ இருந்தது. கால்வாயில் கிடந்த என்னை யாரோ லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அங்கே என்னைக் காப்பாற்றியவர்களும் இருந்தார்கள், அவமானப்படுத்தியவர்களும் இருந்தார்கள். முதல்நாள் வந்த பெரிய டாக்டர் நம்ம ஆள்தான், தமிழர். ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார், கால் எழும்பவில்லை. ஊசியால் பாதத்தில் குத்தினார், எனக்குத் தெரியவில்லை. கை கால் நுனிக்குப் போகும் நரம்புகள் நலிந்து போயிருக்கின்றன, இதற்கு நியூரோபதி என்று பெயர் என்றார். பிறகு என் சட்டைப்பையில் இருந்த தோட்டத்து விலாசத்தைப் பார்த்தார்.

"எத்தன வருசமா குடிக்கிறீங்க?"

"நான் குடிக்கிறதில்ல டாக்டர். நான் ஆசிரியர்."

அவர் நர்ஸ் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்றார். ஆங்கிலம் எனக்கும் தெரியும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. தோட்டத்திலிருந்து வந்த தமிழன், கால் மரத்திருக்கிறது, ஆகவே சம்சு. அந்த மலிவுச் சாராயம் எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறது, அது உண்மை. ஆனால் என் கட்டிலின் தலைமாட்டு அட்டையில் அந்தச் சொல் வாரக்கணக்கில் தொங்கியது. படுக்கை விரிப்பு மாற்ற வந்த அட்டெண்டன் குனிந்து, ஆசிரியரை மலாயில் அழைக்கிற மாதிரி, "சிக்கு, எந்தக் கடைச் சரக்கு? சொன்னா மத்தவங்களாச்சும் தப்பிப்பாங்கலா" என்று ரகசியமாகக் கேட்டார். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவன் நான். அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன்.

முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். நரம்பைத் தாக்குகிற வேறு காய்ச்சல்கள் உண்டா என்று அதில் பார்ப்பார்களாம். கன்னுக்குட்டி மாதிரி சுருண்டு படுக்கச் சொல்லி, இரண்டு பேர் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஒருநாள் முழுக்கத் தலையைத் தூக்காமல் கிடக்க வேண்டும். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. விட்டமின் ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

என் மனைவி பாக்கியம் தினமும் மம்பாவிலிருந்து பஸ் ஏறி வருவாள். மூன்றடுக்குக் கேரியரில் கஞ்சியோ ரசஞ்சாதமோ இருக்கும். என்னால் கரண்டி பிடிக்க முடியாததால் ஊட்டிவிடுவாள். என் பாதத்தைத் தன் மடியில் வைத்துத் தேங்காயெண்ணெய் தேய்ப்பாள். அவள் தேய்ப்பது எனக்குத் தெரியாது, பார்த்தால்தான் தெரியும். ரோஸ்மேரி டீச்சரும் வாரம் ஒருமுறை, சனிக்கிழமை, பிளாஸ்கில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வருவார். "ஆஸ்பத்திரித் தேத்தண்ணி வாயில வைக்க முடியாதே சார், நம்ம தண்ணில போட்டாத்தான் உங்களுக்குப் புடிக்கும்" என்பார். நானும் ஆசையாகக் குடிப்பேன்.

மூன்றாவது வாரம் புதிதாக ஒரு சின்ன டாக்டர் வந்தார். படிப்பு முடித்து வந்த சீனப் பெண், இருபத்தைந்து வயதுதான் இருக்கும். எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள், அவர் என் கையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பத்து நகத்திலும் குறுக்காக வெள்ளைக் கோடு இருந்தது. நகம் ஒரே சீராக வளரும், உடம்புக்குள் ஒரு விஷம் போன சமயத்தில் வளர்ந்த பாகம் இப்படி வெளுத்து, நகத்தோடு சேர்ந்து மேலே ஏறிவரும் என்று எனக்குப் பொறுமையாகச் சொன்னார். ஒரு பெரிய பாட்டிலைக் கொடுத்து இருபத்துநாலு மணி நேரச் சிறுநீரையும் அதில் பிடிக்கச் சொன்னார். நகத்தையும் முடியையும் வெட்டி, எல்லாவற்றையும் கோலாலம்பூருக்கு அனுப்பினார். பதில் வந்தது, ஆர்சனிக். தமிழில் நாம் பாஷாணம் என்கிறோமே, அது.

தலைமாட்டு அட்டையிலிருந்து சம்சுவை எடுத்தார்கள். மன்னிப்பு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அடுத்து நடந்ததற்கு அந்தச் சம்சுவே தேவலை. பாஷாணம் என்றால் யாரோ கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கிறவள் வீட்டில்தானே இருப்பாள்? பாக்கியம் கேரியரோடு வந்தபோது மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வாசலிலேயே அதை வாங்கி வைத்துவிட்டார். மறுநாள் போலீஸ் உடுப்பு போடாத ஒரு மாத்தா வந்து, அவளைத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார வைத்து, புருஷன் அடிப்பாரா, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, அவருக்கு வேறு பெண் சகவாசம் உண்டா என்று மலாயில் கேட்டார். வார்டில் இருந்த அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "தாக் அடா, தாக் அடா" என்று ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்றே சொன்னாள்.

அதன் பிறகும் அவள் தினமும் வந்தாள். சாப்பாடு கொண்டு வரமாட்டாள், வெறுங்கையோடு வந்து தூரத்தில் நிற்பாள். ஒருநாள் மிஸ்ஸி கொடுத்த தண்ணீர் டம்ளரை அவள் எடுத்து என் வாயருகில் நீட்டினாள். நான் ஒரு கணம் தயங்கிவிட்டேன். ஒரே ஒரு கணம்தான். அவள் பார்த்துவிட்டாள். டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

இது இப்படி இருக்க, சனிக்கிழமை ரோஸ்மேரி டீச்சரின் பிளாஸ்க்கை யாரும் தடுக்கவில்லை. டீச்சர்தானே, உள்ளே விடு என்றார்கள். அவர் மூடியைத் திறக்க முயன்றார், விரல் ஒத்துழைக்கவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் இறுக்கித் திருகினார். தேத்தண்ணியைக் கப்பில் ஊற்றும்போது சின்ன டாக்டர் வேறு யாரையோ பார்க்க அந்தப் பக்கம் வந்தார். வந்தவர் நின்றார். கப்பை நீட்டிய கையை அப்படியே பிடித்து நகத்தைப் பார்த்தார். என் நகத்தில் இருந்த அதே கோடு. எனக்கு ஒன்று என்றால் அவருக்கு மூன்று.

"நீங்க ரெண்டு பேரும் ஒன்னா என்ன சாப்பிடுறீங்க?" என்று மலாயில் கேட்டார்.

பாக்கியம் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் முகம் செத்துப் போய்விட்டது. "ஒன்னும் இல்லியே டாக்டர், சார் வீட்டுச் சாப்பாடு, நான் என் சாப்பாடு..." என்று இழுத்தார்.

பாக்கியம்தான் சொன்னாள். "தண்ணி. ஸ்கூல் டிரம் தண்ணி. எங்க வீட்டுல நாலு பேரும் ஒரே தண்ணிதான் குடிக்கிறோம், எங்களுக்கு ஒன்னும் இல்ல. இவங்க ரெண்டு பேருதான் அந்தத் தண்ணி குடிக்கிறாங்க."

பிளாஸ்க்கை அப்படியே எடுத்துக்கொண்டு போனார்கள். டீச்சரை அன்றைக்கே பெண்கள் வார்டில் சேர்த்தார்கள்.

அந்தத் தேத்தண்ணியிலும் பாஷாணம் இருந்தது. டிரம்மின் அடிமடிப்பில் கெட்டியாக உறைந்து கிடந்த மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருந்திருக்கிறது. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், பாஷாணம் போகாது, மிச்சத் தண்ணீரில் இன்னும் அடர்த்தியாகத்தான் நிற்கும் என்று சின்ன டாக்டர் சொன்னார். முனியம்மா கேட்ட கேள்விக்கு எனக்கு அப்போதுதான் விடை கிடைத்தது.

விஷத்தைக் கவ்வி வெளியே இழுக்கிற ஊசி ஒன்று இருக்கிறது. எண்ணெயில் கரைத்த மருந்து, இடுப்புச் சதையில் ஆழமாகப் போட வேண்டும். முதல் இரண்டு நாள் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். ஏற்றும்போது உயிர் போய் வரும். நெஞ்சு படபடக்கும், வாயெல்லாம் எரியும், அழுகிய பூண்டு வாடை வார்டு முழுக்க வீசும். அந்த வலியெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் மனம் முழுக்கப் பிள்ளைகள்மேல் இருந்தது. அறுபது சொச்சம் பிள்ளைகள், ஐந்து மாதம், தினமும் ஒரு டம்ளர். நான் பிரம்பு வைத்துக்கொண்டு குடிக்க வைத்த டம்ளர். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு பிள்ளையின் பெயர் ஞாபகத்துக்கு வரும். சுகாதாரப் பகுதி ஆட்கள் பள்ளிக்குப் போய் எல்லாப் பிள்ளைகளின் நகத்தையும் சிறுநீரையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பதில் வரப் பதினொரு நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பதினொரு நாள் நான் கடவுளிடம் கேட்டது ஒன்றுதான். என் காலை எடுத்துக்கொள், கையை எடுத்துக்கொள், அவர்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

இதற்கிடையில் தலைமையாசிரியர் ஒருமுறை வந்தார். பச்சை டிரம் இரண்டையும் தோட்டத்து லோரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். "பூச்செடி வைக்கத்தான் குடுத்தோம்னு கிராணி சொல்றாரு" என்றார். குடிதண்ணீருக்கு என்று எழுத்தில் எதுவும் இல்லை. நான் எழுதிய மூன்று கடிதமும் ஆபீஸில் அகப்படவில்லை. டிரம் போன இடத்தில் பூந்தொட்டி வாங்கி வைக்கப் போவதாகத் தலைமையாசிரியர் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கொண்டு வந்த ஆரஞ்சுப் பையைத் தூக்கி எறிந்திருப்பேன், கையில்தான் பலம் இல்லை.

பதினொன்றாம் நாள் சின்ன டாக்டர் ஒரு தாளோடு வந்தார். குழம்பிப்போன முகம். "ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை, ஒருவருக்குக்கூட இல்லை. அவர்கள் குடித்தார்கள் என்று நிச்சயமாகத் தெரியுமா?" என்று கேட்டார். என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். இந்தத் தடவை சந்தோஷ அழுகை.

அன்று மாலை பார்வையாளர் நேரத்தில் முனியம்மா வந்தாள். நல்ல சேலை, தலையில் பூ, ஆஸ்பத்திரிக்கு என்று உடுத்தி வந்திருந்தாள். ரம்புத்தான் பழத்தை நகம்படாமல் உரித்து உரித்துத் தட்டில் வைத்தாள். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றாள். "அதுங்க ஒருநாளும் குடிக்கலியே."

"நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்?"

"அதுங்க வாயில வச்சுக்கும். நீங்க அந்தாண்ட திரும்புனதும் பயத்தங்காப் பாத்தில துப்பிடும். மருந்தடிக்கிற பொம்பளைங்க எல்லாரும் லயத்துல வீடு வீடாப் போயி, புள்ளைங்க தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டோம்லா சார். உங்ககிட்டத்தான் சொல்ல முடியலியே."

கருகிப்போன பாத்தி என் கண்முன் வந்தது. வெயிலில் நிறுத்திய நான்காம் வகுப்பும் வந்தது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லாமல் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற பிள்ளைகள். அவர்கள் என் பேச்சைக் கேட்காததால் உயிரோடு இருக்கிறார்கள். பதினெட்டு வருடம் பாடம் நடத்தியவன் நான். அன்று முனியம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன், விரல்கள் சேரவில்லை.

பிறகுதான் அது எனக்குத் தோன்றியது. "ஏன் முனியம்மா, ரோஸ்மேரி டீச்சர்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே? அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களே?"

அவள் பழம் உரிப்பதை நிறுத்தினாள். "சொன்னோமே சார். ஆரம்பத்துலயே நானே போயிச் சொன்னேன். அவங்க பயந்துட்டாங்க. உங்கள ஒரு வார்த்த கேட்டுக்கறேன்னாங்க. மறுநாளு, சாரு சொல்லிட்டாரு முனியம்மா, கொதிக்க வச்சா ஒன்னும் ஆவாதாம், அப்படின்னாங்க."

கேட்டிருந்தார். எனக்கு நினைவு வந்தது. ஓய்வு நேரத்தில், கையில் சாக்பீஸ் தூசியோடு, தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் சிரித்தேன். நீங்களுமா டீச்சர், லயத்துப் பொம்பளைங்க பேச்சக் கேட்டுக்கிட்டு என்றேன். அவரும் வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்தத் தோட்டத்தில் அத்தனை பேரில் நான் சொன்னதை நம்பியது அவர் ஒருவர்தான்.

இரண்டரை மாதம் கழித்து ஊன்றுகோலோடு நான் வீட்டுக்கு வந்தேன். பாக்கியம் கஞ்சி வைத்தாள், எனக்கு முன்னால் ஒரு வாய் அவள் சாப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தாள். இப்படிச் செய்யாதே என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும், உங்களுக்கு நிம்மதியா இருக்கும்" என்றாள். ஆஸ்பத்திரியில் நான் தயங்கிய அந்த ஒரு கணத்தை அவள் மறக்கவே இல்லை. ஒரு வருடத்தில் கால் ஏறக்குறையச் சரியாகிவிட்டது, கட்டைவிரல்கள் மட்டும் இன்னும் மரத்திருக்கின்றன. மறுபடி வேலையில் சேர்ந்தேன், வேறு பள்ளி. சுகாதாரப் பாடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கணக்குப் பாடம் எடுத்தேன்.

ரோஸ்மேரி டீச்சர் சமையலுக்கும் அந்தத் தண்ணீரையே பயன்படுத்தியதால் அவர் உடம்பில் என்னைவிட அதிகம் ஏறியிருந்தது. கால் ஓரளவு தேறியது, கை தேறவில்லை. மருத்துவக் காரணம் காட்டி வேலையிலிருந்து விடுவித்தார்கள். தெமியாங்கில் அக்கா வீட்டில் போய் இருந்தார். அவரைப் பார்க்கப் போக எனக்கு இரண்டு வருடம் தைரியம் வரவில்லை. போனபோது அவர் வாசலுக்கே வந்து, "வாங்க சார், எப்படி இருக்கீங்க, கால் நல்லாருச்சா?" என்று கேட்டார். கூடத்தில் ஒரு சின்னக் கரும்பலகை சாத்தியிருந்தது, அதில் அ, ஆ என்று ஏதோ கோணல்மாணலாக எழுதியிருந்தது. அக்கா பேரப்பிள்ளை எழுதியதா என்று கேட்டேன். "இல்ல சார், நான்தான். தினம் கொஞ்சம் பழகறேன்" என்றார்.

மன்னிப்புக் கேட்க வந்தவன், வாசகங்களை மனதுக்குள் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவன், நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். விரல்கள் மடங்காததால் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் கப்பை இடுக்கிப் பிடித்து, சிந்தாமல், மெல்ல மெல்ல நடந்து வந்து நீட்டினார். நான் வாங்கத் தாமதித்ததைப் பார்த்துவிட்டு, என்னைத் தைரியப்படுத்துவது போலச் சொன்னார்.

"பைப் தண்ணிதான் சார், பயப்படாதீங்க. நல்லா கொதிக்க வச்சுட்டேன், நீங்க சொன்ன மாதிரியே."